உத்தரவு தராத கிடா

என்னைக் கல்யாணம் பண்ணிக்கொடுக்கும்போது மாப்பிள்ளைக்குச் சர்க்கரை ஆலையில் வேலை என்றுதான் சொன்னார்கள். பிற்காலத்தில் ஆடு வளர்ப்பார் என்று யாரும் மூச்சு விடவில்லை. வளர்த்து விற்றால்கூடப் பரவாயில்லை, ஊரில் பாதிப் பேர் செய்கிற தொழில்தான் அது. என் வீட்டுக்காரர் ராசாங்கம் வளர்ப்பதெல்லாம் விற்கவும் கூடாத, வெட்டவும் கூடாத ஆடுகள். தீனி போடலாம், வைத்தியம் பார்க்கலாம், புழுக்கை அள்ளலாம். அவ்வளவுதான்.

எறையூர் ஆலையிலிருந்து ஓய்வு பெற்று மனுஷன் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில், எங்கள் பாடாலூருக்குப் பக்கத்தில் நான்கு வழிச் சாலையில் ஆட்டு லாரி ஒன்று கவிழ்ந்தது. ஊரே ஓடியது. இவரும் ஓடினார். மற்றவர்கள் நல்ல ஆடாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். இவரோ கால் ஒடிந்தது, கண் போனது, எழுந்திருக்கவே முடியாதது என்று தேடித் தேடிப் பிடித்து வந்தார். சாயங்காலம் வியாபாரி வந்து ஊரார் பிடித்த ஆடுகளையெல்லாம் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு போனான். எங்கள் வீட்டு வாசலில் படுத்துக் கிடந்தவற்றைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நீங்களே வச்சுக்கங்க சார், புண்ணியமாப் போவும்" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டான். அந்தப் புண்ணியத்தைத்தான் இன்றுவரை நான் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்த காட்டில் கொட்டகை வந்தது. 'ராசாங்கம் செம்மறி ஆடுகள் காப்பகம்' என்று போர்டும் வந்தது. அதில் பெயிண்டர் வரைந்த ஆட்டைப் பார்த்து நாய்க்குட்டி விற்கிறோம் என்று நினைத்து நிறைய பேர் காரை நிறுத்தினார்கள். பிறகு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. ஜெயங்கொண்டம் பக்கம் கபடிப் போட்டியில் முதல் பரிசாகக் கொடுத்த கிடாவை, யார் வீட்டில் கட்டுவது என்று ஜெயித்த அணியே அடித்துக்கொண்டு, கடைசியில் எங்கள் வாசலில் கொண்டுவந்து கட்டியது. திருச்சியில் மாடி வீட்டில் பால்புட்டி கொடுத்து வளர்த்த ஒன்று, சோபாவைத் தின்று முடித்ததும் இங்கே வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் காலேஜ் பிள்ளைகள் வந்து ஆட்டைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கட்டிப்பிடித்த கையோடு பெருக்குமாற்றையும் பிடித்தால் என்ன என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு கூட்டம் குறைந்துவிட்டது.

இவற்றில் என் உயிரை வாங்கப் பிறந்தது ஒன்று உண்டு. என் வீட்டுக்காரர் அதைச் 'சாமி' என்று மரியாதையாகக் கூப்பிடுவார். நான் தடியன் என்பேன். இரண்டில் எது பொருத்தம் என்று அதன் கழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

தடியன் எங்கள் குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடா. செந்துறைப் பக்கம் முந்திரிக் காட்டுக்குள் இருக்கிற கருப்புதான் எங்கள் சாமி. என் கொழுந்தன் அறிவரசனின் மகள் மஞ்சுவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்தபோது, பிள்ளை பிறந்தால் இந்தக் கிடாவை வெட்டுகிறோம் என்று குட்டியாக இருக்கும்போதே பேர் சொல்லி விட்டார்கள். பிள்ளையும் பிறந்தது. ஆண் பிள்ளை. பந்தல் போட்டுச் சொந்தபந்தத்தையெல்லாம் கூப்பிட்டு, கிடாவுக்கு மாலை போட்டு, மேலே மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. தண்ணீர் பட்டதும் கிடா உடம்பைச் சிலுப்பி உதற வேண்டும். உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அர்த்தம், வெட்டலாம். உதறாவிட்டால் அரிவாளைத் தொடவே கூடாது. எத்தனையோ கிடாக்கள் முதல் சொம்பு விழுமுன்பே சிலுப்பிவிட்டு உயிரை விட்டிருக்கின்றன. தடியன் சிலுப்பவில்லை. குடம் குடமாக ஊற்றிப் பார்த்தார்கள். மாலையிலிருந்த பூவைத் தின்றுகொண்டு அப்படியே நின்றது. வந்த சனம் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறியது.

அதன் பிறகு அது அறிவரசன் ஊரில் யாருக்கும் சொந்தமில்லாத சாமி கிடா ஆகிவிட்டது. அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது. அதற்கும் இந்தச் சலுகை எப்படியோ தெரிந்துபோயிற்று. வெங்காயம் சேமித்து வைக்கிற பட்டறைக்குள் புகுந்தது, கடலைக் கொல்லையை மொட்டையடித்தது, டீக்கடைக்காரர் உட்காரும் ஸ்டூலை முட்டித் தள்ளியது, அதுவும் அவர் உட்கார்ந்திருக்கும்போது. ஊரார் கும்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினார்கள். கடைசியில் யாரோ ராத்திரியில் விஷம் வைக்கப்போகிறார்கள் என்று காதில் விழவும், என் வீட்டுக்காரர் குட்டி யானை லோடு வண்டி பிடித்துப் போய் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆக, கருப்புசாமிக்குச் சாப்பாடு போடுகிற வேலையும் என் தலையில் விழுந்தது.

வந்த அன்றைக்கே என்னை முட்டவந்தது. நான் கையில் இருந்த முறத்தாலேயே நெற்றியில் ஒன்று போட்டு, அதன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினேன். அதுவரை யாருமே திட்டாத பிராணி அல்லவா? அப்படியே நின்று முழுசாகக் கேட்டது. அன்றிலிருந்து என் பின்னாலேயே திரியும். நான் பேச்சை நிறுத்தினால் முழங்காலில் மெதுவாக முட்டும். திட்டச் சொல்லிக் கேட்கிற ஜீவனை நான் அதுவரை கண்டதில்லை. என் வீட்டுக்காரரும் திட்டு வாங்குவார், ஆனால் வேண்டும் என்று கேட்டு வாங்க மாட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், பொங்கல் கழிந்து அறிவரசனும் மஞ்சுவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்த விஷயம் அவர்கள் வாயைத் திறக்குமுன்பே எனக்குப் புரிந்துவிட்டது. மஞ்சு முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணி, இந்த வாட்டி கிடாவ முடிச்சிரணும்" என்றான் அறிவரசன். "அது பாக்கி நிக்கிறதால புள்ளைக்குக் காது குத்த முடியல. வேற கிடாவும் வெட்ட முடியாது, பேரு சொல்லி வுட்டதுதான் சாமிக்கு. சம்பந்தியம்மா ஒரேயடியா சொல்லிட்டாங்க."

சம்பந்தியம்மா என்றால் மஞ்சுவின் மாமியார் ரெங்கம்மாள். பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறது. வேண்டுதல் பாக்கி நிற்பதால்தான் வருகிறது என்று அந்த அம்மா முடிவு பண்ணிவிட்டாள். பாக்கி தீர்ந்து பிள்ளைக்குக் காது குத்துகிறவரைக்கும் ஜெயங்கொண்டத்தில் இருக்கிற தன் வீட்டு வாசல்படி ஏற வேண்டாம் என்று மஞ்சுவை அப்பன் வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தாள். மஞ்சுவின் புருஷன் வெளிநாட்டில் இருந்தான். அவன் போனில் அம்மாவுக்கும் சரி சொன்னான், பெண்டாட்டிக்கும் சரி சொன்னான்.

 என் வீட்டுக்காரர் எழுந்து கொட்டகைக்குள் போய்விட்டார். மறுக்க அவருக்கு வாய் ஏது? கிடா சாமிக்குச் சொந்தம். நாங்கள் வெறும் காவல்காரர்கள்.

மஞ்சு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்குப் பிள்ளை இல்லை. இவள் என் இடுப்பில் வளர்ந்தவள். "பெரியம்மா, எனக்கும் அத வெட்டணும்னு ஆசயா? ஆனா எத்தன மாசம் அப்பா வூட்டுலயே கெடக்குறது? தெருவுல போறவங்கல்லாம் ஏன் இன்னும் போகலன்னு கேக்குறாங்க" என்றாள். அதற்குள் தடியன் வந்து அவள் மடியிலிருந்த பிள்ளையின் குல்லாவை இழுத்தது. பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது. மஞ்சு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தடியன் சிலுப்பினால் அதன் கழுத்து போகும். சிலுப்பாவிட்டால் என் பெண்ணின் வாழ்க்கை இப்படியே நிற்கும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்வதென்றுகூடத் தெரியவில்லை. உண்மையைச் சொல்வதானால் நான் கறி என்றால் உயிரை விடுகிறவள். அவர் காப்பகம் வைத்தபிறகு வீட்டில் கறி கிடையாது என்பதால், தங்கை வீட்டுக்குப் போகிற சாக்கில் தின்றுவிட்டு வருவேன். அப்படிப்பட்டவள் ஒரு ஆட்டுக்காக உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறேனே என்று என் மேலேயே கோபம் வந்தது.

அவர் மட்டும் ஒரே ஒரு நம்பிக்கையில் இருந்தார். வெயில் காலத்தில் ஆடுகளுக்கு மோட்டார் பைப்பைத் திருப்பி விடுவோம். மற்றதெல்லாம் ஓடும், தடியன் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொள்ளும். "மலரு, தண்ணின்னா அதுக்கு உசுரு. ஊத்த ஊத்த நிக்கும் பாரேன்" என்றார்.

"நின்னா மஞ்சுவுக்கு என்ன வழி?" என்றேன். அவர் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போய்விட்டார்.

தை மாதக் காலை. முந்திரிக் காட்டில் பனி இறங்கி, எதிரில் வருகிற ஆள் தெரியவில்லை. தடியன் வேறு யாருக்கும் நிற்காது என்பதால் நானும் குட்டி யானையின் பின்னால் ஏறி, அதைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். கோயிலில் சனம் நிறைந்திருந்தது. சமையல்காரர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, இந்தத் தடவையாவது கறியா அல்லது மறுபடியும் சாம்பாரா என்று தெரியாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். கிடா விழுந்த கையோடு காது குத்திவிட வேண்டும் என்று ஆசாரியையும் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார்கள். ரெங்கம்மாள் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றாள்.

பூசாரி அமாவாசை வயதானவர், அவசரப்பட மாட்டார். விபூதி போட்டு, சூடம் காட்டி, கிணற்றிலிருந்து அப்போதுதான் இறைத்த தண்ணீரில் மஞ்சள் கரைத்து மூன்று குடம் வைத்தார். "மூணு கொடம். அதுக்கு மேல கேட்டா சாமிய நச்சரிக்கிறதா ஆயிரும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நான் தடியனின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மண்டி போட்டிருந்தேன்.

முதல் குடம் முதுகில் விழுந்தது. தடியன் கண்ணை மூடிக்கொண்டது. முகத்தில் அப்படி ஒரு சுகம்.

இரண்டாவது குடம். ஒரு காலை மாற்றி வைத்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அது வசதியாக நிற்கத்தான் மாற்றியிருக்கிறது.

"முதுவுல ஊத்துனா எப்புடி சிலுப்பும்?" என்று ரெங்கம்மாளின் குரல் வந்தது. "காதுல ஊத்துங்க."

காதில் ஊற்றுவது கள்ளாட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் தலையை உதறத்தான் செய்யும். அதற்குச் சாமி எதற்கு? அமாவாசை தயங்கினார். அறிவரசன் அவர் கையிலிருந்த குடத்தைத் தானே வாங்கிக்கொண்டான்.  என்னைப் பார்க்காமல், "அண்ணி, கொஞ்சம் தலைய விலக்கிக்கங்க" என்றான்.

நான் விலக்கவில்லை. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். தடியனின் இரண்டு காதையும் என் இரண்டு உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அதன் தலைமேல் கவிழ்ந்தேன். மொத்தக் குடமும் என் உச்சந்தலையில் இறங்கியது.

தை மாதக் கிணற்றுத் தண்ணீர். நெஞ்சுக்குள் மூச்சு நின்றுபோய்த் திரும்ப வந்தது. உச்சி முதல் உள்ளங்கால்வரை உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பல் கிடுகிடுத்தது. கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. அந்தக் குளிரிலும் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, அது வேறு. எழுந்து நின்று ஆரம்பித்தேன்.

"ஏண்டா, வெக்கமா இல்ல? வேணாம்னு நிக்கிறத எத்தன வாட்டிடா கேப்பீங்க? வருசம் பூரா இதுக்கு எவனாவது ஒரு கட்டுத் தழ கொண்டாந்து போட்டீங்களா? அரிவாள மட்டும் தீட்டிக்கிட்டு வந்துட்டீங்க! பச்சப் புள்ளைக்குக் காய்ச்சல்னா டாக்டருகிட்ட தூக்கிட்டு ஓடாம, ஆட்டு மேல பழியப் போடுறீங்க. பெத்தவள வாசல்ல நிறுத்துறீங்க. இத வெட்டக் கூடாது! புள்ளைக்கு இன்னைக்கே காது குத்துங்க. குத்திட்டு அந்தப் பொண்ண வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க!"

தினமும் நான் போடுகிற சத்தம்தான். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. ஆனால் மூச்சு வாங்க நிறுத்திப் பார்த்தால், கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. எல்லோருடைய கையும் குவிந்திருந்தது. அறிவரசன் குடத்தை அப்படியே போட்டுவிட்டு என் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தான். யாரோ ஒரு பெண் குலவை போட்டாள்.

அமாவாசை விபூதியை அள்ளி என் நெற்றியில் அப்பினார். "கருப்பு வந்துட்டாரு" என்றார்.

என் வீட்டுக்காரரைத் தேடினேன். இதே திட்டைக் கல்யாணமான நாளிலிருந்து வாங்கிக்கொண்டிருப்பவர், அவராவது எடுத்துச் சொல்வார் என்று பார்த்தால், அவரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஒரு கண்ணை லேசாகச் சிமிட்டியது மாதிரி இருந்தது. தூசி விழுந்ததாகவும் இருக்கலாம்.

சாமியும் இல்லை, பூதமும் இல்லை, குளிருது, ஒரு துண்டு கொடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் மஞ்சுவைப் பார்த்தேன். கூப்பிய கைக்கு மேலே அவள் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சாமியைப் பார்க்கிற பார்வை இல்லை அது. பெரியம்மாவைப் பார்க்கிற பார்வை. சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று கெஞ்சியது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். சொல்ல வந்ததை நான் விழுங்கியது என் ஆயுசில் அன்றைக்குத்தான்.

ரெங்கம்மாள் மட்டும் அசையவில்லை. "கிடா சிலுப்பலையே, பூசாரி?" என்றாள்.

"நாம கேட்டது கிடாகிட்ட. சாமியே நேரா வந்து பதில் சொன்னதுக்கப்பறம் கிடா சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றார் அமாவாசை. "வேண்டுதல் தீந்துருச்சு. ஆட்ட அவரு உசுரோட ஏத்துக்கிட்டாரு."

ரெங்கம்மாள் பேரனோடு என் எதிரில் வந்து நின்றாள்.  அந்தப் பொம்பளையின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆனால் கிட்டத்தில் பார்க்கும்போதுதான் அந்தக் கண் சிவந்து வீங்கியிருப்பது தெரிந்தது. பேரனுக்குக் காய்ச்சல் வந்த நாளெல்லாம் அவளும் தூங்கியிருக்க மாட்டாள். அத்தனை நாளும் அவள்மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்திலேயே பாதி கரைந்துபோயிற்று.

"எம் பேரன் நல்லாருப்பானா?" என்றாள். 

"டவுன்ல நல்ல டாக்டரா பாத்துக் காட்டு. நல்லாருப்பான்" என்றேன். அது சாமி சொன்னாலும் சரிதான், நான் சொன்னாலும் சரிதான்.

அவள் தலையை ஆட்டினாள். பிள்ளையை மஞ்சுவின் கையில் கொடுத்தாள். "காது குத்தி முடிச்சதும் பெட்டியக் கட்டிக்க. சாயங்கால பஸ்ஸுக்கே போயிரலாம்" என்றாள். மஞ்சு அப்படியே மாமியாரின் தோளில் சாய்ந்துகொண்டாள். சமையல்காரர் பெருமூச்சு விட்டு, சாம்பாருக்குப் பருப்பைக் களையப் போனார்.

மளமளவென்று வேலை நடந்தது. மஞ்சுவின் அண்ணன், தாய்மாமன் என்கிற முறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி ஊசியைத் துடைத்தார். எல்லோரும் சுற்றி நெருக்கி நின்றோம். எனக்கு எங்கிருந்தோ ஒரு போர்வை வந்திருந்தது. தடியனை நான் எப்போது கைவிட்டேன் என்றே ஞாபகம் இல்லை. அது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, சரியாகக் கருப்புக்கு எதிரில், எல்லோருக்கும் நடுவில் நின்றது.

நின்று, மூக்கு நுனியில் தொடங்கி வால் நுனிவரைக்கும், தோல் கழன்று விழுந்துவிடும் போல ஒரு சிலுப்பு சிலுப்பியது.

மஞ்சள் தண்ணீர் நாலா பக்கமும் தெறித்தது. இரண்டு குடத் தண்ணீரையும் கம்பளிக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறது பாவி. பூசாரி மேல், ஆசாரி மேல், அறிவரசனின் வெள்ளைச் சட்டை மேல் எல்லாம் விழுந்தது.  அமாவாசை அவசரமாகத் தலையைத் தூக்கி முந்திரி மரத்தில் எதையோ தேட ஆரம்பித்தார். அறிவரசன் குனிந்து வேட்டியைச் சரி பண்ணினான், பண்ணினான், பண்ணிக்கொண்டே இருந்தான். என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் போர்வைக்குள் மஞ்சுவின் கையைப் பிடித்தேன். அது என்னைவிடக் குளிர்ந்திருந்தது.

ரெங்கம்மாளின் கன்னத்தில் மஞ்சள் துளிகள் வழிந்தன. அவள் முந்தானையை எடுத்து நிதானமாகத் துடைத்தாள். கிடாவைப் பார்த்தாள். மஞ்சுவைப் பார்த்தாள். கடைசியாக என்னை, போர்வையும் விபூதியுமாக நடுங்கிக்கொண்டிருந்த என்னை, மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

பிறகு ஆசாரி பக்கம் திரும்பினாள்.

"நல்ல நேரம் போவுது, அங்க என்ன பராக்கு? குத்துங்க."

ஆசாரி குத்தினார்.